மூச்சு விட்டால் படம் கலையும்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை. லாரிகள்கூட அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருவதில்லை. விளக்குக் கம்பங்கள் உண்டு... ஒன்று விட்டு ஒன்றுதான் எரியும். அந்தச் சாலையில் ஒரு மனிதர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

"எல்லாப் பேய்க் கதையிலயும் ஏன் சார் வண்டி ரிப்பேராவே இருக்கு?" என்றாள் கணக்குப் பிரிவுப் பெண்.

"ரிப்பேர் இல்லம்மா. வீட்டு நம்பரைத் தேடிட்டுப் போறார். போன்ல வழி பார்க்கக் கூடாதுங்கறது அவரோட கொள்கை."

கொள்கை என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருடைய தலையும் எங்கள் மேலாளர் பக்கம் திரும்பியது.

திரும்பாமல் என்ன செய்யும்? எங்களையெல்லாம் மலைமேல் ஒரு விடுதிக்குக் கூட்டிவந்து, வாசலிலேயே எங்கள் போன்களைப் பிடுங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டவர் அவர்தான். "ரெண்டு நாள் திரையில்லாம இருந்து பாருங்க, மனுஷங்களா திரும்பிப் போவீங்க" என்றார். அதுவரை நாங்கள் என்னவாக இருக்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. சமீபத்தில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா வேறு வாங்கியிருந்தார். அதை முக்காலி ஸ்டாண்டில் ஏற்றி அறையின் மூலையில் நிறுத்திவைத்திருந்தார். காலையில் எங்களைக் குழுவாகப் படம் எடுக்கப்போகிறாராம். சாயங்காலம் முழுக்க அதன் பெருமைதான். ஒளியை மதிக்க வேண்டும், காத்திருக்கப் பழக வேண்டும், ஒவ்வொரு படமும் ஒரு தியானம்... இருட்டிய பிறகு கரண்ட் போனது. மின்சார வாரியத்துக்கும் தியானத்தில் நாட்டம் வந்துவிட்டது போலிருக்கிறது.

இரண்டு மெழுகுவத்தி. போர்வைக்குள் பதுங்கிய பத்துப் பன்னிரண்டு தலைகள். வெளியே காற்று கூரை ஓடுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "ஏதாவது கதை சொல்லுங்க சார்" என்றார்கள். நான் மூலையில் நின்ற கேமராவைப் பார்த்தேன். ஆரம்பித்தேன்.

இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பர் ஒருவர் பல் டாக்டர். அவருடைய தங்கை புருஷனுக்கு நடந்தது.

அந்த மாப்பிள்ளைக்குப் பகலெல்லாம் கம்ப்யூட்டரில்தான் வேலை. யாரோ எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. அந்தத் திறமையை வீட்டுக்கும் எடுத்துவந்தார். ஒருநாள் டிவியை விற்றார். தலையில் இரண்டு மணி வைத்த, சாவி கொடுக்கிற அலாரக் கடிகாரம் வந்தது. அது அடித்தால் மாடி வீடும் எழுந்துகொள்ளும். மை பேனா வந்தது. சட்டைப் பைகள் எல்லாம் நீலமாயின. கம்பி போன் வந்தது. அதில் மாமியாரைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. தன் கைபேசியை மட்டும் அவர் விடவில்லை. கைபேசியை விட்டுவிட்டதை ஊருக்குச் சொல்ல வேண்டுமே!

அந்தக் கேமராவையும் கைபேசியில் வந்த விளம்பரத்தில்தான் பிடித்தார். விற்கிறவர் ராத்திரி வரச் சொன்னார். அதனால்தான் அந்தச் சாலை.

சாலையின் கோடியில் ஒரு வீடு. தூரத்திலிருந்தே தெரிந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. வாசல், கூடம், சமையலறை, கக்கூஸ்... எல்லாம். ஃபினாயில் வாடை. கூடத்தில் மூன்று பேர் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நேராக ட்யூப் லைட். யாரும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை.

பனியனோடு வந்தவருக்கு வயது ஐம்பது இருக்கும். கண் சிவந்திருந்தது. கேமராவைத் துணிப்பையோடு நீட்டினார்.

"இருட்டு ரூம்ல வைக்காதீங்க. ராத்திரி மூடியைப் போட்டுடுங்க."

மாப்பிள்ளை சிரித்தார். கொடுத்த புத்திமதியை வாங்கிக்கொண்டு வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அங்கேயே, வாசலிலேயே, அந்த நேரத்தில், ஒரு பாடம் எடுத்தார். "தப்பு சார். மூடியைப் போட்டு வெச்சா லென்ஸ்ல பூஞ்சை புடிக்கும். அதுக்குக் காத்து வேணும். திறந்துதான் வைக்கணும்."

அந்த ஆள் எதிர்த்துப் பேசவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. ஸ்கூட்டர் திருப்பத்தில் மறைகிறவரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை எல்லோரையும் சோபாவில் உட்காரவைத்தார். ஜன்னலையெல்லாம் சாத்தினார். "இந்த மங்கின வெளிச்சத்துலதான் உயிர் இருக்கு. ஆனா கேமரா கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்தே வெச்சிருக்கணும். நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. மூச்சை அடக்குங்க!"

"ஏங்க, என்ன ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்றாள் அவர் மனைவி.

"நீ மூச்சு விட்டாக்கூட நெஞ்சு ஏறி இறங்கும். ஏறி இறங்கினா படத்துல புகை மாதிரி கலைஞ்சுடும். ஃபிலிம் பொய் சொல்லாது. அசையாததுதான் தெளிவா விழும்."

எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். பெரியவர் ஒருவருக்குக் கண் பிதுங்கியது. பாதியில் பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா! கெடுத்துட்டீங்க!" என்று கத்தினாள் மாப்பிள்ளையின் மகள். எட்டு வயது.

"நான் என்னடி பண்ணட்டும்? மூச்சுதான் என் தொழிலுக்கே எமன். வாய்க்குள்ள கண்ணாடியை விட்டா ஒரு நொடிதான். ஆ...ன்னு மூச்சு விடுவாங்க, கண்ணாடி மங்கிப் போகும். துடைக்கணும். மறுபடி மங்கும். இருபது வருஷமா ஊர் மூச்சைத் துடைச்சிட்டிருக்கேன். இங்கே ஒருத்தர், விடவே கூடாதுங்கறார்!"

அந்தப் படம் வந்தது. எல்லோரும் சிலை மாதிரித் தெளிவாக இருந்தார்கள். பல் டாக்டருக்கு மட்டும் முகம் இருந்த இடத்தில் ரப்பர் வைத்து அழித்த மாதிரி ஒரு தீற்றல். மாப்பிள்ளை சொன்னது நிஜம்தான். ஃபிலிம் பொய் சொல்லவில்லை.

படம் கழுவுவது வீட்டுக் குளியலறையில். சிவப்பு பல்பு, மூன்று தட்டு, வினிகர் மாதிரி மூக்கில் ஏறுகிற ஒரு வாடை. அவர் உள்ளே போனால் மற்றவர்கள் காலைப் பின்னிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும்.

"அப்பா, அவசரம்!"

"ரெண்டு நிமிஷம்டா, படம் வந்துட்டிருக்கு!"

"எனக்கும் வந்துட்டிருக்குப்பா!"

அந்தச் சுருளில் முப்பத்தாறு படம். ஒவ்வொன்றையும் யோசித்து எடுப்பவர் என்பதால் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். எடுக்காத ஒன்று அதில் இருந்தது.

தட்டில் கிடந்த காகிதத்தில் அது மெல்ல மெல்லக் கறுத்து எழுந்தது. முதலில் கட்டில் சட்டம். அப்புறம் தலையணையின் மடிப்பு. அப்புறம் அவர் மனைவி. தூங்குகிறாள். கட்டில், சுவர், மேஜை எல்லாம் கத்தி மாதிரித் தெளிவு. அவள் நெஞ்சின்மேல் மட்டும் ஒரு மெல்லிய புகை. ராத்திரி முழுக்க ஏறி இறங்கிய மூச்சு.

விளக்கில்லாத படுக்கையறையில் அப்படி ஒரு படம் விழ வேண்டுமென்றால், கேமரா மணிக்கணக்கில் கண் திறந்திருக்க வேண்டும். அது யாரையும்விட மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

பயந்திருக்க வேண்டியவர். படம் அழகாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

சனிக்கிழமை அதை அவர்களுடைய வட்டத்துக்குக் கொண்டுபோனார். ஒரு காபிக் கடையின் பின்னறையில் ஃபிலிம் பிரியர்கள் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு கேமரா, தலைக்கு ஒரு தத்துவம். தலைவருக்குப் பெயர் தாடி. அந்தத் தாடி அதுவரை எவர் படத்தையும் பாராட்டியதில்லை. பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவதோடு சரி. இந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பெருமூச்சு வரவில்லை.

"எவ்வளவு நேரம் திறந்து வெச்சீங்க?"

'நான் எடுக்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தைகூட இல்லை.

"ராத்திரி பூரா" என்றார் மாப்பிள்ளை. "பக்கத்துலயே நின்னேன்."

வட்டம் எழுந்து கை தட்டியது. அடுத்த கண்காட்சியில் இது மாதிரி மூன்று படம் வேண்டும் என்றார் தாடி. தலைப்பு: உறக்கம்.

மனைவிக்கும் முதலில் சந்தோஷம்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் தன்னை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்க்காத மனுஷன், ராத்திரி முழுக்க நின்று பார்த்திருக்கிறானே என்று. இரண்டு நாள் அவருக்குப் பிடித்ததாகச் சமைத்தாள்.

அப்புறம்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள்.

விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில், அலமாரிப் பக்கம்... க்ளிக். அவ்வளவுதான். கடிகாரம் என்று நினைத்துப் புரண்டு படுத்தாள். விடியப்போகிற நேரம். அதே இடத்திலிருந்து... க்ளக். திறந்தது மூடிக்கொள்கிற சத்தம். அதற்குப் பின்னால், அவசரமே இல்லாமல், பல் சக்கரம் சுற்றுகிற ஓசை. கர்ர்ர்ரக். அடுத்த படத்துக்குச் சுருளைத் தள்ளுகிறார்கள்.

பக்கத்தில் கையை நீட்டினாள். புருஷன் இருந்தார். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குறட்டையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சாதாரணக் குறட்டை இல்லை. மாடி வீட்டுக்காரர் இரண்டு தடவை இறங்கிவந்து, தண்ணி மோட்டரை ராத்திரியில் ஓட்டாதீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறார்.

இரண்டாவது படம் அடுத்த சுருளில் வந்தது. அதை அவர் ஈரத்தோடு வெளியே எடுத்துவந்து மனைவிக்குக் காட்டினார். கொடியில் மாட்ட இரண்டு கிளிப் கேட்டார்.

மகள். தன் அறையில் தூங்குகிறாள். கேமரா இருந்தது அப்பா அம்மா படுக்கிற அறையின் அலமாரியில். படம் எடுத்திருப்பது மகளின் கால்மாட்டில் நின்று. அந்த அறைக் கதவு லேசாகத் தள்ளினாலே கீச்சென்று ஊரைக் கூட்டும். எந்த ராத்திரியும் அது கத்தவில்லை.

"இத எப்ப எடுத்தீங்க?"

"அது... ஒரு நாள் ராத்திரி. பக்கத்துலயே நின்னு."

"நீங்கதான் தினம் ராத்திரி பூரா குறட்டை விடறீங்களே. அப்போ நின்னது யாரு?"

அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இங்க பாரு, இந்தப் போர்வை மேல. குழந்தையோட மூச்சு. எப்படி விழுந்திருக்கு பாரு."

"எம் பொண்ணு கால்மாட்டுல யாரோ ராத்திரி பூரா நின்னிருக்காங்க. நீங்க மூச்சு நல்லா விழுந்திருக்குங்கறீங்க!"

"ஒரே ஒரு படம். மூணாவது மட்டும் வந்துடட்டும். கண்காட்சி முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடறேன்."

"மூணாவது யாரு? இந்த வீட்ல வேற யார் இருக்காங்க?"

அன்று சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்து பல் டாக்டர் அந்தக் கம்பி போனுக்குக் கூப்பிட்டார். "மாப்ளை, போதும். அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு இங்க வாங்க. கையால எழுதின கடுதாசி அனுப்பினாத்தான் வருவேன்னா சொல்லுங்க, அதுவும் அனுப்பறேன்."

"நாளைக்கு வரேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலுக்குப் பின்னால் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு ராத்திரி மட்டும்."

புதுச் சுருள் போட்டார். கேமராவைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார். மூடியைக் கழற்றினார். 'இன்றிரவு நானே ஃபிலிமிடம் என்னை ஒப்படைக்கிறேன்' என்று கைபேசியில் எழுதிப் போட்டார். எண்பது பேர் விரும்பினார்கள். விளக்கை அணைத்தார். படுத்தார்.

... க்ளிக்.

(இந்த இடத்தில் நான் நிறுத்தினேன். ஒரு மெழுகுவத்தி அணைந்திருந்தது. யாரும் அதைக் கொளுத்த எழுந்திருக்கவில்லை.)

"செத்துட்டாரா?" என்றது ஒரு போர்வை.

இல்லை. காலையில் எழுந்தார். பல் தேய்த்தார். ஆபீஸ் போனார். சாயங்காலம் குளியலறையில் சிவப்பு பல்பு எரிந்தது. சொன்ன தேதிக்குக் கண்காட்சி நடந்தது. மூன்று படமும் சுவரில் தொங்கின. மனைவி வந்தாள். பல் டாக்டரும் வந்தார்.

மூன்றாவது படத்தை உத்தரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். நேர் கீழே கட்டில். கட்டிலில் மாப்பிள்ளை, மல்லாந்து. பல் டாக்டர் முதல் படத்தைப் பார்த்தார்: தங்கையின் நெஞ்சில் புகை. இரண்டாவதைப் பார்த்தார்: குழந்தையின் போர்வையில் புகை. மூன்றாவதுக்கு வந்தார். சட்டைப் பித்தானின் நாலு ஓட்டையும் தெரிந்தது. மைக்கறை தெரிந்தது. கண்ணிமையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. கட்டில் சட்டம் எவ்வளவு தெளிவோ, அவரும் அவ்வளவு தெளிவு.

புகை இல்லை.

"தொகுப்புலயே இதுதான் உச்சம்" என்றார் தாடி. "துளி ஆட்டம் இல்லை பாருங்க."

பல் டாக்டர் மாப்பிள்ளையைத் தனியாக இழுத்தார். "ராத்திரி பூரா எப்படி மாப்ளை அசையாம...? மூச்சு?"

"அடக்கிப் பழகிட்டேன் மச்சான்" என்றார் அவர். சிரித்தார்.

மறுநாளே கேமராவை விற்றுவிட்டார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அதே மாதிரி கைபேசியில் விளம்பரம்.

"யாருக்கு?" இப்போது கேட்டது மேலாளர்.

"அது தெரியலை சார். யாரோ வாங்கிட்டுப் போனாங்களாம். ராத்திரி மூடியைப் போட்டு வைங்கன்னு இவர் சொன்னாராம். லென்ஸுக்குக் காத்து வேணும்னு அந்த ஆள் இவருக்குப் பாடம் எடுத்தாராம்."

மேலாளர் முழங்காலில் கைவைத்து எழுந்தார். மூலைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்துக் கேமராவின் முகத்தில் அழுத்திப் பொருத்தினார். சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். கணக்குப் பிரிவுப் பெண் சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்தாள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கதை முடிந்தது என்று நினைத்து யாரோ கொட்டாவி விட்டார்கள்.

முடியவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கேமரா போய்விட்டதே என்று மனைவி வீடு திரும்பினாள். எல்லாம் பழையபடிதான். ஒரு வாரம் கழித்து மாடி வீட்டுக்காரர் படியில் பார்த்துக் கும்பிட்டார். "மோட்டரை மாத்திட்டீங்க போல! நிம்மதியா தூங்கறேங்க." அவளும் சிரித்துக் கும்பிட்டாள். அன்றைக்கு ராத்திரிதான் பக்கத்தில் படுத்திருந்தவரைக் காது கொடுத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். எழுந்து விளக்கைப் போட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் விளக்கை அணைப்பதில்லை.

அண்ணனிடம் அவள் எதையும் விளக்கவில்லை. "அண்ணா, அவர் பல்லைக் கொஞ்சம் பாரேன்" என்றாள். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வந்தார். சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தார். பேச்சு மட்டும் குறையவில்லை. இசைத்தட்டின் சுகம், காகிதத்தின் வாசனை, திரைகள் எப்படி மனிதனைக் கொல்கின்றன... ஒரு வாக்கியம் முடிகிற இடத்திலேயே அடுத்த வாக்கியம் தொடங்கியது. நடுவில் நிற்கவே இல்லை.

"ஆ காட்டுங்க மாப்ளை" என்றார் பல் டாக்டர்.

வாய் திறந்தது. அவர் அந்தச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். பழக்கத்தில் இன்னொரு கை துடைக்கிற பஞ்சைத் தயாராக எடுத்துக்கொண்டது. காத்திருந்தார். கடைவாய்ப் பல் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த பல்லும் தெரிந்தது. உள்நாக்கு தெரிந்தது. கை வலிக்கிறவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடி மங்கவே இல்லை.